எடிசனை விட்டு கேரிக்குப் போகலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் ஹெச்1பி வேலை விசாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறார்; கிரீன் கார்டுக்கான கம்பெனி மனு (ஐ-140) அப்ரூவ் ஆகிவிட்டது. நான் ஹெச்4 குடும்ப விசாவில் இஏடி என்ற வேலை அனுமதி வைத்து, மன்ஹாட்டனில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அவருடைய கம்பெனி நார்த் கரோலினா ஆபீஸுக்கு மாறச் சொல்கிறது. சம்பளம் 1,50,000 டாலரிலிருந்து 1,38,000 ஆகும். மகள் 9-ஆம் வகுப்பு, மகன் 3-ஆம் வகுப்பு. அங்கே கேரி பக்கம் வரி குறைவு, வீடு மலிவு, நம் ஆட்கள் நிறைய என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகலாமா? போனதும் வீடு வாங்கிவிடலாமா?

பதில்: போகலாம். ஆனால் போனதும் வீடு வாங்க வேண்டாம். முதல் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். வீட்டு விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். விசாவில் இருக்கும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது வேறு: இந்த வேலை நாளைக்கே போனால், அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்குமா?

ஹெச்1பி-யில் வேலை போனால் சட்டம் தரும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். எடிசனில் இருந்துகொண்டு அந்த 60 நாளில் வேலை தேடினால் நியூயார்க், ஜெர்சி சிட்டி, பிரின்ஸ்டன், பிலடெல்பியா வரைக்கும் வீடு மாறாமலே தேடலாம். ராலே-டர்ஹம்-கேரி வட்டாரம் அவ்வளவு பெரியதல்ல. அதற்காக வேலையே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். புகையிலை, நெசவு, மரச்சாமான் என்று மூன்றை நம்பியிருந்த மாநிலம் இது. 1959-இல் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு நடுவில், காடாகக் கிடந்த நிலத்தில் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற ஆராய்ச்சி, தொழில் வளாகத்தைத் தொடங்கினார்கள். ராலேயில் என்.சி. ஸ்டேட், டர்ஹமில் டியூக், சேப்பல் ஹில்லில் யு.என்.சி. 1965-இல் ஐ.பி.எம். வந்தது, அதற்கப்புறம்தான் பார்க் நிமிர்ந்தது. இன்று சிஸ்கோ, நெட்ஆப், லெனோவா, ராலேயில் ரெட் ஹாட், கேரியில் எஸ்.ஏ.எஸ்., எபிக் கேம்ஸ் எல்லாம் இருக்கின்றன. மருந்துக் கம்பெனிகள் தனி வரிசை: டர்ஹமில் ஐக்யூவியா, ஹோலி ஸ்பிரிங்ஸில் ஆம்ஜென், ஃபியூஜிஃபில்ம், கிளேட்டனில் நோவோ நார்டிஸ்க். உங்கள் கணவருக்கு மருந்து, மருத்துவ டேட்டா, வங்கி ஆகிய துறைகளில் கொஞ்சமாவது அனுபவம் இருந்தால் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரே ஒரு கம்பெனியின் சொந்த மென்பொருளை மட்டும் தெரிந்தவர் என்றால் கொஞ்சம் யோசிப்பேன்.

ஒரு எச்சரிக்கை. "அந்தக் கம்பெனி வருகிறது, இத்தனை ஆயிரம் வேலை" என்ற செய்திகளை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். ஆப்பிள் 2021-இல் இங்கே 100 கோடி டாலர் வளாகம் என்று அறிவித்தது, 2024-இல் தள்ளிவைத்துவிட்டது. பக்கத்து சாத்தம் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2022-இல் அறிவிக்கப்பட்டது, அதுவும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அதே கம்பெனி நம் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஆலையைத் திறந்தே விட்டது. டர்ஹமின் வுல்ஃப்ஸ்பீட் 2025-இல் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. கணக்கில் எடுக்க வேண்டியது இன்று ஆள் எடுக்கிற கம்பெனிகளை மட்டும்தான்.

விசா விஷயத்தில் இரண்டு வேலை முடியாமல் லாரியைக் கூப்பிடாதீர்கள். ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால் ஹெச்1பி அமெண்ட்மெண்ட் (திருத்த மனு) கட்டாயம். 2015-இல் வந்த சிமியோ என்ற விசா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு இதில் மழுப்பலே கிடையாது. மனு தாக்கலான பிறகுதான் அவர் புது ஆபீஸில் உட்கார வேண்டும். இரண்டு, கிரீன் கார்டு. பெர்ம் (கிரீன் கார்டுக்குத் தொழிலாளர் துறை தரும் சான்று) என்பது வேலை செய்யும் இடத்தோடு கட்டுண்டது. ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) போட்டு 180 நாள் ஆகாதவர்களுக்குப் பொதுவாகப் புது பெர்ம், புது ஐ-140 என்று மறுபடி போக வேண்டும். பழைய பிரயாரிட்டி டேட் (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம்) கையில் இருக்கும், அது பெரிய ஆறுதல். அந்தப் புது பெர்மை எப்போது தொடங்குவார்கள் என்பதை ஹெச்.ஆரிடம் மெயிலில் எழுதி வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்ற பதிலை ஏற்க வேண்டாம். பெர்ம் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும், அது சட்டம்.

உங்கள் இஏடி-க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் வரியில் ஒரு முள் இருக்கிறது. மன்ஹாட்டன் கம்பெனிக்கு உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த நாட்களையும் நியூயார்க் தன் மாநிலத்தில் வேலை செய்த நாளாகவே கணக்கிடும். நார்த் கரோலினாவுக்குப் போனாலும் இது மாறாது. அங்கே குடியிருப்பவர் என்ற முறையில் அந்த மாநிலமும் அதே சம்பளத்துக்கு வரி கேட்கும். இரண்டுக்கும் நடுவே கிரெடிட் எவ்வளவு கிடைக்கும் என்று போவதற்கு முன்பே ஒரு சி.பி.ஏ.விடம் (வரிக் கணக்காளர்) கேட்டுவிடுங்கள்.

வரி என்றதும் இன்னொன்று. "கரோலினாவில் வரி கம்மி" என்பது பாதி உண்மை. உங்கள் கணவர் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்கிற நியூ ஜெர்சி அட்டவணையில் 1,50,000 டாலருக்கு வருமான வரி சுமார் 5,500. வரி படிப்படியாக ஏறுகிற முறை என்பதால் முதல் 50 ஆயிரத்துக்கு வரி அற்பம். நார்த் கரோலினாவில் எல்லோருக்கும் ஒரே விகிதம், 2026-க்கு 3.99 சதவீதம். 1,38,000-இல் கழிவு 25,500 போக மீதிக்குச் சுமார் 4,500. மிச்சம் ஆயிரம் டாலர், அதிலும் பாதி சம்பளம் குறைந்ததால் வந்தது. 12,000 டாலர் சம்பளக் குறைப்பை இது ஈடுகட்டாது.

உண்மையான வித்தியாசம் வீட்டு வரியில்தான். கேரியில் நகர வரி, வேக் கவுன்டி வரி இரண்டும் சேர்த்து மதிப்பில் ஏறத்தாழ 0.85 சதவீதம். 6 லட்சம் டாலர் வீட்டுக்கு 5,000 சொச்சம். அதே மதிப்புள்ள வீட்டுக்கு எடிசனில் 10 ஆயிரத்துக்குக் குறைந்து பில் வராது. ஆனால் வாடகைக்கு இருக்கும்வரை இந்த லாபம் உங்கள் கைக்கு வராது. அதனால் சம்பளக் குறைப்பை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் பேரம் பேசுங்கள். குறைந்தபட்சம் இடமாற்றச் செலவையும் ஒருமுறை போனஸையும் கேளுங்கள். மாறச் சொல்வது கம்பெனி, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வீடு ஏன் உடனே வேண்டாம்? நியூ ஜெர்சியில் ஒப்பந்தம் போட்ட பிறகு வக்கீல் பார்க்க மூன்று வேலை நாள் உண்டு, அதற்குள் காசு போகாமல் விலகலாம். நார்த் கரோலினாவில் அந்தப் பழக்கமே இல்லை. இங்கே இருப்பது டியூ டிலிஜென்ஸ் பணம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்தத் தொகை நேராக விற்பவர் கைக்குப் போகும். இன்ஸ்பெக்ஷன், அப்ரெய்சல் (வீட்டு மதிப்பீடு), லோன் எல்லாம் முடிக்க ஒரு தேதி குறிப்பார்கள். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும் நீங்கள் விலகலாம். ஆனால் டியூ டிலிஜென்ஸ் பணம் திரும்ப வராது. வீட்டை வாங்கி முடித்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எர்னஸ்ட் மணி என்ற முன்பணம் தனி. அது எஸ்க்ரோவில் (பொதுவான மூன்றாம் ஆளிடம்) இருக்கும், தேதிக்குள் விலகினால் திரும்பிவிடும். 2021, 2022-இல் மக்கள் பல பத்தாயிரம் டாலரை டியூ டிலிஜென்ஸ் பணமாக வைத்துப் போட்டி போட்டார்கள். இப்போது சந்தை தணிந்திருக்கிறது, தொகையும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் ஊர் தெரியாமல், ஒரு சனி ஞாயிறு பறந்து வந்து நாலு வீடு பார்த்து ஆஃபர் போடுகிறவர்கள்தான் இந்தப் பணத்தை அதிகம் இழக்கிறார்கள்.

இழக்க வைப்பது பெரும்பாலும் வீட்டின் அடியில் இருக்கும். ஜெர்சி வீடுகளில் பேஸ்மெண்ட் பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே பல பழைய வீடுகளுக்குக் கிரால் ஸ்பேஸ்தான், ஆள் தவழ்ந்து போகிற உயரம். கீழே செம்மண், அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட். ஷீட் கிழிந்தோ நகர்ந்தோ இருந்தால் கோடைப் புழுக்கத்தில் ஈரம் ஏறி, தரையைத் தாங்கும் மரத்தில் பூஞ்சை பிடிக்கும். கறையானும் வரும். சமையலறை கிரானைட்டாய் மின்னும். அடியில் மரம் விரலால் அழுத்தினால் அமுங்கும். அந்தச் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் ஆஃபர் போடவே வேண்டாம். மழை பெய்த மறுநாள் பார்ப்பது இன்னும் நல்லது.

வாடகைக்கு எங்கே என்றால், அது பள்ளியைப் பொறுத்தது. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வேக் கவுன்டி முழுவதும் ஒரே பள்ளி நிர்வாகம், ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகள். உங்கள் முகவரிக்கு ஒரு பேஸ் ஸ்கூல் உண்டு. ஆனால் வேகமாக வளர்ந்த பகுதிகளில் பள்ளி நிரம்பிவிட்டால் 'கேப்' (சேர்க்கை வரம்பு) போட்டுவிடுவார்கள். புதிதாக வருகிறவர் பிள்ளைக்கு வாசலுக்கு எதிரே பள்ளி இருந்தாலும் வேறு பள்ளிதான், காத்திருப்புப் பட்டியலில் நிற்க வேண்டும். லீஸில் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரியை நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டு, கேப் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொல்வது போதாது. கேரி என்று முகவரி இருக்கும் சில இடங்கள் சாத்தம் கவுன்டியில் இருக்கின்றன. அங்கே பள்ளி நிர்வாகமே வேறு.

அப்புறம் இயர்-ரவுண்ட் காலண்டர். நிறையத் தொடக்கப் பள்ளிகள், நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகளை நாலு டிராக்காகப் பிரித்திருப்பார்கள். ஒன்பது வாரம் பள்ளி, மூன்று வாரம் லீவு, வருஷம் பூராவும் இப்படியே. ஹைஸ்கூல் பழைய காலண்டரில் ஓடும். உங்கள் வீட்டில் என்ன ஆகும்? அக்டோபரில் மகன் மூன்று வாரம் டிராக் அவுட், மகளுக்குப் பள்ளி. ஜூலையில் மகளுக்கு லீவு, மகன் வகுப்பில். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒவ்வொரு டிராக் அவுட்டுக்கும் கேம்ப் பணம் கட்ட வேண்டும். கோடையில் ஊருக்குப் போகிற இரண்டு மாதக் கணக்கும் உடையும். சிலருக்கு இது பிடித்துப்போகிறது, டிசம்பரிலோ பொங்கலுக்கோ ஊருக்குப் போக வசதி. வேண்டாம் என்றால் பழைய காலண்டர் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், முன்கூட்டியே கேளுங்கள்.

மகளுக்காகவே போகலாம் என்றுகூடச் சொல்வேன். யு.என்.சி.யில் மாநிலத்தவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 7 ஆயிரம் டாலரை ஒட்டி. வெளி மாநிலத்தவருக்கு 40 ஆயிரத்துக்கு மேல். இடங்களிலும் பெரும்பங்கு மாநிலப் பிள்ளைகளுக்கே. மாநிலத்தவர் என்ற இந்தச் சலுகைக்கு 12 மாதம் முன்பே இங்கே நிரந்தரமாகக் குடியேறியிருக்க வேண்டும். ஹெச்4 பிள்ளைகளும் தகுதி பெற முடியும். 9-ஆம் வகுப்பில் வருவது சரியான நேரம். 11-ஆம் வகுப்பு முடிந்து வந்தால் கணக்கு இடிக்கும், நண்பர்களைப் பிரிந்த வருத்தமும் அப்போது ரொம்ப இருக்கும். இப்போதும் இருக்கும்தான். முடிவெடுக்கும் முன் அவளையும் ஒருமுறை அழைத்து வந்து காட்டுங்கள்.

நம் ஆட்கள் விஷயத்தில் கவலை வேண்டாம். மோரிஸ்வில்லில் பாதிக்கு நெருக்கமான பேர் ஆசிய வம்சாவளி. கேரி வெங்கடேஸ்வரர் கோவிலில் 87 அடி ராஜகோபுரம் 2022-இல் எழுந்தது. கரோலினா தமிழ்ச் சங்கம் இருக்கிறது, வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருக்கிறது, மோரிஸ்வில் சர்ச் ஸ்ட்ரீட் பார்க்கில் மேஜர் லீக் கிரிக்கெட்டே நடந்தது. எடிசனின் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோடு மாதிரி நடந்து போய் நாலு கடை ஏறி இறங்க முடியாது. எதற்கும் கார்தான். தினமும் வேலைக்குப் போய்வர மெட்ரோ ரயில் கிடையாது, டர்ஹம் லைட் ரயில் திட்டத்தையும் 2019-இல் கைவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு கார் என்று பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ராலே விமான நிலையத்திலிருந்து இந்தியாவுக்கு நேர் விமானம் கிடையாது. லண்டன், பாரிஸ், பிராங்க்பர்ட் மாதிரி ஊர்களில் மாறித்தான் போக வேண்டும்.

பார்க்க வருவதானால் மார்ச் கடைசியிலோ ஜூலையிலோ வாருங்கள். மார்ச் கடைசியில் பைன் மகரந்தம் கார், நாற்காலி, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றிலும் மஞ்சள் பொடியாகப் படிந்திருக்கும். வீட்டில் யாருக்காவது மூக்கடைப்பு, வீசிங் இருந்தால் அது முதலிலேயே தெரிந்துவிடும். ஜூலையில் மெட்ராஸ் புழுக்கம் ஞாபகம் வரும். அக்டோபரில் வந்தால் எல்லோருக்கும் இந்த ஊர் பிடித்துவிடுகிறது.

குடிவந்ததும் செய்ய வேண்டியதில் ஒன்று தள்ளிப்போடக்கூடாது: 60 நாளுக்குள் இந்த மாநில டிரைவிங் லைசன்ஸ் எடுக்க வேண்டும். டி.எம்.வி. (வாகனத் துறை) அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமாகும், ஜெர்சியிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுவையுங்கள். காரைப் பதிவு செய்யும்போது ஹைவே யூஸ் டாக்ஸ் என்ற வண்டி வரி கேட்பார்கள்; வேறு மாநிலத்தில் 90 நாளாவது உங்கள் பேரில் இருந்த வண்டி என்றால் அது 250 டாலருக்கு மேல் போகாது. அதனால் புதுக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால், டைட்டில் (வண்டியின் உரிமைச் சான்று) எந்த மாநிலத்தில், எந்தத் தேதியில் என்று பார்த்து வாங்குங்கள்.