வாகனம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறுகிறது, சிக்னலில் நின்றாலும் நடுக்கம். ஸ்பார்க் பிளக்கை இதுவரை மாற்றியதே இல்லை. வீட்டிலேயே நானே மாற்றலாமா? கணவர் வேண்டாம் என்கிறார்.
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தாராளமாக மாற்றலாம் அம்மா. சாதாரண நிக்கல் பிளக் என்றால் பெரும்பாலும் 30,000, 40,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும். இரிடியம் என்றால் 1 லட்சம் வரைகூடத் தாங்கும். அப்படியானால் நடுக்கத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம். உங்கள் காருக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். ஜி.பி. ரோடு கடைகளில் அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். 'இதுவும் பொருந்தும்' என்று வேறொன்றை நீட்டினால் வாங்காதீர்கள். மரைப் பகுதி நீளமாக இருந்துவிட்டால் பிஸ்டனில் இடிக்கும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், விடிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். பிளக் திருகி நிற்கும் எஞ்சின் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும். பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலின் ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. இணைப்பின் பூட்டை அழுத்தி விடுவித்து, போல்ட்டைக் கழற்றி, காயிலை மெல்லத் திருகியபடி தூக்குங்கள். ஒரு சிலிண்டரை முடித்த பிறகே அடுத்தது.

காயிலை எடுத்ததும் ஆழமான குழி தெரியும். நம் தெருப்புழுதி அதற்குள் எப்படியும் இறங்கியிருக்கும். சைக்கிள் பம்ப்பால் நன்றாக ஊதிவிட்டுப் பிறகு பிளக்கைத் தளர்த்துங்கள். இல்லையென்றால் அந்த மணல் நேராக சிலிண்டருக்குள் விழும்.

இனி நான் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். புதுப் பிளக்கை ஒருபோதும் ஸ்பேனரால் தொடங்காதீர்கள்.

பதினேழு வயதில் கோடம்பாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பழகினேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆம்னி வேன் ஒன்று வந்தது. முன் இருக்கையைத் தூக்கினால் எஞ்சின். மணி அடிப்பதற்குள் வண்டி போக வேண்டும் என்ற அவசரத்தில் பிளக்கை ஸ்பேனரில் செருகி நேரே முறுக்கினேன். இரண்டு சுற்று போனது, இறுகியது. உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். கழற்றிப் பார்த்தால், பிளக்கின் மரையிடுக்கில் வெள்ளிக் கம்பிபோல் ஓர் அலுமினியச் சுருள். ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பிப் புது மரை போட மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் வேன்காரருக்கு வருமானம் இல்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதன்பின் கற்றுக்கொண்ட வழி இது. பிளக்கின் மேல்முனையில் ஒரு சாண் பெட்ரோல் டியூப்பைச் செருகிக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். மரை மரையில் விழும்போது 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரைக்குச் சேதம் வராது. ஐந்தாறு சுற்று விரலாலேயே போய், வாஷர் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். புது வாஷர் உள்ள பிளக்குக்கு அதற்குமேல் அரைச் சுற்று, கூடினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம்; தடவினால் கை அறியாமல் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

பழைய பிளக்குகளை எறிந்துவிடாதீர்கள். காகிதத்தில் 1, 2, 3 என்று எழுதி வரிசையாக வையுங்கள். நுனி பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது. அதைப் பட்டறையில் காட்டியே ஆக வேண்டும்.

குழி இருட்டாக இருக்கும். டார்ச் பிடிக்கக் கணவரை அழையுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் அவருடைய பயமும் தெளியும்.

கேள்வி: மழைவெள்ளத்தில் கார் பானெட் வரை நனைந்தது. பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், முடிச்சூர்

பதில்: வேண்டவே வேண்டாம் ஐயா. சாவியைத் தொடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் நனைந்து என்னிடம் வந்த வண்டிகளில் பல, தண்ணீரால் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் கெட்டவை. காற்றைப்போல் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கக்கூடும். வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பட்டறையில் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.