தலையைத் திருப்பினா படம் ஏன் லேட்டா வருது?

கேள்வி: விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் போட்டு தலையை டக்குனு திருப்பினா படம் ஒரு துளி பின்தங்கி வர்ற மாதிரி இருக்கு, கொஞ்ச நேரத்துல குமட்டுது. ஹெட்செட் 90 ஹெர்ட்ஸ், கேம்ல எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம் வருதுங்கிற கணக்கு) சராசரி 80-க்கு மேல காட்டுது. அப்புறம் என்னதான் பிரச்சனை?

பதில்: அந்த "சராசரி 80"தான் பிரச்சனையே. 90 ஹெர்ட்ஸ்னா ஸ்க்ரீன் நொடிக்கு 90 தடவை படத்தை மாத்தும், அப்போ ஒரு ஃப்ரேமுக்கு கிடைக்கிற டைம் 11.1 மில்லிசெகண்ட், அதுக்குள்ள ஜிபியு (படத்தை வரையுற சிப்) வரைஞ்சு முடிக்கலன்னா ஸ்க்ரீன் காத்துட்டு இருக்காது, பழைய ஃப்ரேமையே திரும்ப காட்டிடும். மானிட்டர்ல இது பெருசா உறுத்தாது, ஆனா ஹெட்செட்ல உங்க தலையே கேமரா, அதனால உடனே தெரியும். தலை அசைஞ்ச நொடியில இருந்து அதுக்கான வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஆகுற மொத்த நேரம் 20 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு இந்தத் துறையில ரொம்ப நாளா சொல்றாங்க. ஏன்னு கணக்கு போட்டுப் பாருங்க: நொடிக்கு 100 டிகிரி வேகத்துல தலையைத் திருப்புறீங்க (இது சாதாரண வேகம்தான்), 20 மில்லிசெகண்ட் லேட்னா படம் 2 டிகிரி தள்ளி நிக்கும், ஒரு டிகிரிக்கு 20 பிக்சல் இருக்குற ஹெட்செட்ல அது 40 பிக்சல்! உள்காது தலை திரும்பிடுச்சுன்னு சொல்லுது, கண்ணு இன்னும் இல்லங்குது, அந்தச் சண்டைதான் உங்களுக்கு குமட்டலா வருது.

இதைச் சமாளிக்க ஹெட்செட் ரெண்டு வேலை பண்ணுது. தலையோட அசைவை அளக்குற சென்சார் நொடிக்கு ஆயிரம் தடவை கூட அளக்கும், அதை வெச்சு படம் ஒளிர்ற நேரத்துல தலை எங்க இருக்கும்னு முன்கூட்டியே கணிச்சு வரையுது. அப்புறம் டைம்வார்ப், அதாவது ஃப்ரேம் வரைஞ்சு முடிச்சதும் ஸ்க்ரீனுக்கு அனுப்புறதுக்கு சரியா முன்னாடி தலையை இன்னொரு தடவை அளந்து, முழுப் படத்தையும் அந்த வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி நகர்த்திடுறது. கேம் புரோகிராமர் ஜான் கார்மாக் 2013-லயே இதை விளக்கமா எழுதிட்டார், எனக்கு விஆர்ல ரொம்ப பிடிச்ச ஐடியாவே இதுதான். புது ஃப்ரேம் வரலன்னாலும் பழைய ஃப்ரேமையே தலை இப்போ இருக்குற நிலைக்கு ஏத்த மாதிரி நகர்த்திக் காட்டி சமாளிச்சுடும்.

ஆனா அடிப்படை டைம்வார்ப் சரி பண்றது தலை திரும்புறதை மட்டும்தான், நீங்க குனிஞ்சாலோ நகர்ந்தாலோ பக்கத்துல இருக்குற பொருள் துள்ளும், சீன்ல தானா நகர்ற எதுக்கும் உதவாது. ஒரு டெஸ்ட் சொல்றேன், கேமுக்குள்ள தலையை ஆட்டாம கையை முகத்துக்கு முன்னாடி பக்கவாட்டுல ஆட்டி கண்ணால கையையே தொடர்ந்து பாருங்க, ரூம் அசையாம நின்னு கை மட்டும் ரெண்டா தெரிஞ்சா ஃப்ரேம் தவறுதுன்னு அர்த்தம். அப்படின்னா முதல்ல ரெண்டர் ரெசல்யூஷன்ல (கேம் வரையுற படத்தோட பிக்சல் அளவு) கை வைங்க, நீளம் அகலம் ரெண்டையும் 80 சதவீதமா குறைச்சாலே பிக்சல் 64 சதவீதமா இறங்கிடும், அடுத்து ஷேடோவை (நிழல்) குறைங்க. அப்பவும் நிக்கலன்னா, ஹெட்செட்ல 72 ஹெர்ட்ஸ் ஆப்ஷன் இருந்தா தயங்காம மாத்திடுங்க, ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட் கிடைக்கும். தட்டுத் தடுமாறி ஓடுற 90-ஐ விட ஒழுங்கா ஓடுற 72 எவ்வளவோ மேல்.

கேள்வி: பிசில இருந்து வயர்லெஸ்ஸா ஓட்டுறேன். தலை திருப்பினா ஓகே, ஆனா கன்ட்ரோலர் மட்டும் லேட்டா வருது, ஏன்?

பதில்: டைம்வார்ப் பத்தி மேல சொன்ன அதே காரணம்தான். படத்தை வீடியோவா என்கோட் பண்ணி (சுருக்கி), அனுப்பி, ஹெட்செட்ல டீகோட் பண்றதுக்குள்ள (திரும்ப விரிக்கிறதுக்குள்ள) நேரம் போயிடுது, தலை திரும்புறதை மட்டும் ஹெட்செட்டே கடைசி நிமிஷத்துல சரி பண்ணிடும், கையை அப்படி பண்ண முடியாது. பிசிக்கும் ரவுட்டருக்கும் நடுவுல கேபிள் போடுங்க, ரவுட்டர் நீங்க ஆடுற ரூம்லயே இருக்கட்டும், 5 கிகாஹெர்ட்ஸ்ல இணைங்க. பிட்ரேட்டை (வீடியோவுக்கு நொடிக்கு எவ்வளவு டேட்டாங்கிற அளவு) ரொம்ப ஏத்தாதீங்க, டீகோட் பண்றதுக்கே நேரம் பிடிக்கும்.

கேள்வி: ஓரத்துல கோடெல்லாம் வளையுது, தலை திருப்பினா படம் நெளியுது, எழுத்தைச் சுத்தி சிவப்பு நீலமா தெரியுது. லென்ஸ் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இல்ல, கண்ணு சரியான இடத்துல இல்ல. இந்த லென்ஸ் நேர்கோட்டை ஓரத்துல உள்பக்கமா வளைச்சுடும், அதனால சாஃப்ட்வேர் படத்தை முன்னாடியே பீப்பா மாதிரி உப்ப வெச்சு ஸ்க்ரீனுக்கு அனுப்பும், ரெண்டும் சேர்ந்தா கோடு நேராகிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூணும் லென்ஸ்ல வேற வேற அளவுல வளையுறதால ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அளவுல உப்ப வைக்குது. ஆனா இந்தக் கணக்கு மொத்தமும் கண்ணு லென்ஸோட நடுவுல, குறிப்பிட்ட தூரத்துல இருக்குன்னு நம்பி போட்டது, அதுல இருந்து விலகினா நீங்க சொல்ற அத்தனையும் வரும்.

முதல்ல ரெண்டு கண்மணிக்கும் நடுவுல இருக்குற தூரத்தை, ஐபிடின்னு சொல்வாங்க, அளந்துக்கோங்க, கண்ணாடி போடுறவங்கன்னா கண் டெஸ்ட் பண்ற இடத்துலயே கேட்டா சொல்லிடுவாங்க. பெரியவங்களுக்கு சராசரி 63 மில்லிமீட்டர், ஆனா ஆளுக்கு ஆள் நிறையவே மாறும், அதனால சராசரியை அப்படியே வெச்சுடாதீங்க. அதை செட் பண்ணிட்டு, ஸ்ட்ராப்பை கொஞ்சம் லூசாக்கி, சின்ன எழுத்து இருக்குற ஒரு மெனுவைத் திறந்து வெச்சு ஹெட்செட்டை மேலயும் கீழயும் மில்லிமீட்டர் கணக்குல நகர்த்துங்க, எழுத்து பளிச்சுனு ஆகி சிவப்பு ஓரம் மறையுற இடத்துல நிறுத்தி அப்படியே இறுக்கிடுங்க. கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்தைச் சுத்தி கீத்து கீத்தா ஒளி சிதறினா அது வேற, ஃப்ரெனெல் லென்ஸோட (வட்ட வட்டமா வரி வெட்டின மெல்லிய லென்ஸ்) வரிகளால வர்றது, எந்த செட்டிங்லயும் போகாது. பான்கேக் லென்ஸ் (ஒளியை உள்ளுக்குள்ளயே மடக்கி அனுப்புற இன்னொரு வகை) வெச்ச ஹெட்செட்ல அந்த வரிகளே கிடையாது.