ஒடித்துத் திருப்பினால் டயருக்கு என்ன ஆகும்? ட்ராவல் ட்ரெய்லர் கேள்வி பதில்

அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பின்னால் ட்ராவல் ட்ரெய்லர் (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) மாட்டி ஊர் சுற்றும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், டயரும் ஆக்ஸிலும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

டல்லாஸ் நண்பர்: அண்ணா, எங்களுடையது இரண்டு ஆக்ஸில் ட்ரெய்லர். கேம்ப்கிரவுண்டில் ரிவர்ஸில் ஒடித்து ஏற்றும்போது, முன் டயர் ஒரு பக்கமும் பின் டயர் எதிர்ப்பக்கமும் சாய்ந்தது. சக்கரமே கழன்று வந்துவிடும் போல இருந்தது என்று வெளியே நின்ற மனைவி சொன்னாள். ஆக்ஸில் வளைந்துவிட்டதா?

அந்த ஒரு தடவையில் வளைந்திருக்காது. ஆனால் உங்கள் மனைவி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது. நான்கும் எப்போதும் நேராகத்தான் பார்த்து நிற்கும். இறுக்கமாகத் திருப்பும்போது வண்டி, இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். அப்போது முன் சக்கரங்கள் ஒரு பக்கமும் பின் சக்கரங்கள் மறுபக்கமும் குறுக்காக இழுபடும். தரையைத் தொடும் ரப்பர் பிடித்துக்கொண்டு நிற்க, ரிம் நகர்ந்துவிடுவதால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும். பிடி தாங்காத இடத்தில் ஒரு வெட்டு வெட்டி வழுக்கும். கான்கிரீட்டில் விழுந்திருக்கும் கறுப்புத் தடம் அப்படி வந்ததுதான்.

அதே விசை ஸ்பிரிங் பட்டைகள், அவற்றைத் தாங்கும் ஹாங்கர், ஸ்பிரிங்கை இணைக்கும் ஷாக்கிள் என்ற தகடு, இணைப்புகளுக்குள் இருக்கும் புஷ் என்ற உறை என்று எல்லாவற்றுக்கும் போகிறது. டயருக்கு உள்ளேயும் ஸ்டீல் பெல்ட் அடுக்குகள் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. இது ஒரே நாளில் தெரியாது. வருடக்கணக்கில் சேர்ந்து, ஒரு கோடை மதியம் ஹைவேயில் போகும்போது பட்டன் பகுதி (தரையில் உருளும் ரப்பர்) உரிந்து வரும். வெடித்த டயரைப் பார்த்து “ஆணி குத்திவிட்டது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லா நேரமும் ஆணி காரணமில்லை.

அதே நண்பர்: அப்படியென்றால் எப்படித்தான் திருப்புவது?

இடம் எடுத்துக்கொண்டு திருப்புங்கள். நின்ற இடத்திலேயே எல் வடிவில் ஒடிப்பதுதான் மோசம். இரண்டு மூன்று தடவை முன்னே போய்ப் பின்னே வந்து ஏற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழி இருந்தால் தார், கான்கிரீட்டை விட ஜல்லித் தரையில் ஒடியுங்கள். டயர் சுலபமாக வழுக்கிக் கொடுக்கும். சாதாரண ரோட்டு வளைவுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஃபீனிக்ஸ் வாசகி: கோடை முழுக்க ட்ரெய்லர் வீட்டுப் பக்கத்தில்தான் நிற்கும். நிறுத்தும்போது கவனிக்க ஏதாவது உண்டா, சார்?

உண்டு. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ஒடித்து ஏற்றிய கையோடு சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹிட்சை (பிக்கப்போடு இணைக்கும் கொக்கி) கழற்றாதீர்கள். டயர்கள் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். குனிந்து பாருங்கள்: முன் டயரின் பக்கச்சுவர் ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும், பின் டயரில் அது எதிர்ப்பக்கம் இருக்கும். ஷாக்கிளும் கோணலாக நிற்கும். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் அந்த இழுவை முழுவதையும் டயரும் புஷ்ஷும் சுமக்கும். பிக்கப்பையும் ட்ரெய்லரையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, சில அடி முன்னே இழுத்து, நேராகப் பின்னே தள்ளுங்கள். முறுக்கு விட்டுவிடும். அப்புறம் கட்டை வையுங்கள்.

உங்கள் ஊர் வெயிலுக்கு வெள்ளை டயர் கவர் கட்டாயம். காற்றைக் குறைத்து நிறுத்தக் கூடாது. கீழே பலகை போட்டால் டயர் தரையைத் தொடும் பரப்பு முழுவதும் பலகை மேல் இருக்க வேண்டும். விளிம்பு வெளியே தொங்கினால் அந்த இடத்தில் பெல்ட் மடங்கும்.

நியூஜெர்சி நண்பர்: என்னுடையது ஒற்றை ஆக்ஸில்.

இந்த இழுபறி உங்களுக்குப் பெரிதாக இல்லை. தாராளமாக ஒடிக்கலாம். ஆனால் ஒரு டயர் போனால் அந்தப் பக்கம் தாங்க வேறு டயர் கிடையாது. ஸ்டெப்னியில் காற்று பாருங்கள்.

அட்லாண்டா நண்பர்: டயரில் 65 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கிறது. சவாரி மென்மையாக இருக்கட்டும் என்று 50 வைக்கிறேன். சரியா?

சரியில்லை. எஸ்டி (ட்ரெய்லருக்கென்றே செய்தது) 225/75ஆர்15 அளவில் லோட் ரேஞ்ச் டி (பாரம் தாங்கும் வகை) டயர் 2,540 பவுண்டு தாங்குவது 65 பிஎஸ்ஐ இருந்தால்தான். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும், ஓட்டத்தில் சூடும் ஏறும், ஒடிக்கும்போது பக்கச்சுவர் இன்னும் அதிகமாக மடங்கும். காலையில் வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கச்சுவரில் போட்ட அளவுக்கு அடியுங்கள். வழியில் சூட்டில் ஏறியதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள்.

சிகாகோ நண்பர்: டயரின் உள்பக்க விளிம்பு மட்டும் தேய்கிறது. அலைன்மென்ட்டா?

முதலில் எடை பாருங்கள். ஹைவே ட்ரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடை மேடையில் ஏற்றினால் ட்ரெய்லர் ஆக்ஸில்கள் மேல் எவ்வளவு உட்காருகிறது என்று சீட்டு தந்துவிடுவார்கள். ட்ரெய்லர் ஆக்ஸில் குழாய் பெரும்பாலும் நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்யப்படுகிறது, பாரம் ஏறியதும் நேராகும்படி. பாரம் மிஞ்சினால் நேரையும் தாண்டிக் கீழே தொய்யும், சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும், உள் விளிம்பு தேயும். எடை சரியாக இருந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம். யாராவது ஆக்ஸில் குழாய்க்கு நடுவே ஜாக்கி வைத்துத் தூக்கினார்களா என்று விசாரியுங்கள். ஜாக்கி வைக்க வேண்டியது ஃபிரேமில்.

டல்லாஸ் நண்பர் மீண்டும்: மட்டம் பார்க்க ஒரே ஒரு சக்கரத்துக்குக் கீழே மட்டும் கட்டை கொடுக்கலாமா?

கூடாது. அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களையும் ஒரே உயரத்துக்கு ஏற்றுங்கள்.

சியாட்டில் வாசகர்: பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது, ஆனால் டயருக்கு ஏழு வயது. மாற்ற வேண்டுமா?

மாற்றிவிடுங்கள். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். ஐந்தாறு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த தேதி. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். கடைக்காரர் புதியது என்று தருவதிலும் இதைப் பார்த்து வாங்குங்கள். மாற்றிய பிறகு 10, 25, 50 மைல் ஓடியதும் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.