இடியப்ப மா: பக்கெற்றா, வீட்டிலா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் வசிக்கிறோம். கடையில் வாங்கும் சிவப்பரிசி மாவில் சில வேளை புளித்த மணம் வருகிறது. இடியப்பமும் உடைகிறது. வீட்டிலேயே மா அரைக்கப் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களிடம் உள்ள மிக்ஸியின் சின்னச் சாடியிலேயே அரைக் கிலோ அரிசியை அரைத்துப் பாருங்கள்.

அரிசி பச்சையரிசியாக இருக்க வேண்டும், புழுங்கல் சரிவராது. கழுவி மூன்று மணி நேரம் ஊறவிட்டால் போதும். கொழும்பு வெக்கையில் இரவு முழுக்க ஊறினால் புளித்துவிடும். உங்கள் பக்கெற்று மாவுக்கும் இப்படி நடந்திருக்கலாம். நன்றாக வடித்து, துணியில் பரப்பி, மின்விசிறியின் கீழ் உலர்த்துங்கள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் நகத்தால் நசுக்கினால் அரிசி நொறுங்க வேண்டும். அதுதான் பதம். மிக்ஸியில் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடியாகப் போட்டு, விட்டு விட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் மோட்டார் சூடாகிவிடும். அரித்து, மிஞ்சும் கப்பியை மறுபடி அரையுங்கள். கடைசிக் கப்பியைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈர மாவை அன்றைக்கே வறுத்துவிட வேண்டும். அகலமான தாச்சி, மெல்லிய நெருப்பு, கை ஓயாத கிளறல். முதலில் ஆவி வந்து மா கட்டிபடும். ஆவி அடங்கி, மணல்போல் உதிர்ந்தவுடன் இறக்குங்கள், நிறம் மாறவிடாதீர்கள். ஆறியதும் இன்னொரு தரம் அரியுங்கள்.

இடியப்பம் உடைவதற்கு மாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்காவிட்டாலும், மா இறுகக் குழைந்தாலும் உடையும். ஆகவே முதலில் அதைச் சரிபாருங்கள்.

மாதம் இரண்டு மூன்று கிலோ தேவைப்பட்டால், ஊறவைத்து உலர்த்திய அரிசியை மில்லுக்குக் கொடுப்பதே நல்லது. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போடுவார்களா என்று முன்பே கேளுங்கள், அந்தக் காரம் மாவில் ஏறிவிடும். சிவப்பரிசித் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் மா வெளியில் கிடந்தால் சிக்கு மணம் வரும். காற்றுப்புகாத டப்பாவில் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள்.

பக்கெற்றே வாங்குவதானால் வறுத்த மாவா, பச்சை மாவா என்று பாருங்கள். பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, நிறை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். நான் ஒருமுறை நிறுத்துக் கட்டித் தந்த மாவை வாங்கி, வீட்டில் பிரித்தால் வண்டு. பற்றுச்சீட்டு கேட்டு வாங்காததால் கடையில் வாயே திறக்க முடியவில்லை. அன்று மிகவும் வருந்தினேன். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். கெட்ட மாவை மாற்றித்தர மறுத்தால், பக்கெற்றை எறியாமல் பற்றுச்சீட்டோடு வைத்துக்கொண்டு, 1977 இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுங்கள்.