குழந்தை பெறுவது பாவமா? பிறகு ஏன் பாவநிவாரணபலி?

குழந்தை பெற்ற தாய் பாவநிவாரணபலி செலுத்த வேண்டும் என்று மோசேயின் சட்டம் சொல்கிறதே, அப்படியானால் பிள்ளை பெறுவது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவம் இல்லை. அந்தச் சட்டம் வரும் வேதாகமப் புத்தகமான லேவியராகமத்தின் எந்த வரியும் அப்படிச் சொல்லவில்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

என் மகள் பிறந்த மூன்றாவது வாரம், வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு பெரியவர் லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஆண் பிள்ளைக்கு 40 நாள், பெண் பிள்ளைக்கு 80 நாள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஏவாளின் பாவம் தொடர்கிறது, அதனால்தான் தாய்க்குப் பாவநிவாரணபலி என்று விளக்கமும் தந்தார். குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் போன பிறகு அந்த அதிகாரத்தை நானே எடுத்து வாசித்தேன். எட்டே வசனங்கள். ஏவாளின் பெயர் அதில் எங்குமே இல்லை.

அந்த எட்டு வசனங்கள் சொல்வது இதுதான். ஆண் பிள்ளை பெற்றவள் 7 நாள் தீட்டாயிருப்பாள், பிறகு 33 நாள் காத்திருப்பாள். பெண் பிள்ளை என்றால் 14 நாள், பிறகு 66 நாள். இரண்டாவது கட்டத்தில் அவளுக்கு உள்ள தடை பரிசுத்தமான பொருள்களைத் தொடக்கூடாது, பரிசுத்த ஸ்தலத்துக்கு வரக்கூடாது என்பது மட்டுமே. நாட்கள் முடிந்ததும் ஒரு வயது ஆட்டுக்குட்டியை முழுவதும் எரிக்கப்படும் தகனபலியாகவும், ஒரு புறாவைப் பாவநிவாரணபலியாகவும் ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் பலி ஒன்றுதான். நாட்கள் ஏன் இரட்டிப்பாகின்றன என்பதற்கு வேதவசனம் காரணமே சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஏவாளைக் கொண்டு நிரப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இப்போது முடிவு வசனத்தைக் கவனியுங்கள். 4ஆம் அதிகாரத்தில், அறியாமல் கட்டளையை மீறியவன் இதே வகைப் பலியைச் செலுத்தும்போது, அவனுக்கு 'மன்னிக்கப்படும்' என்று வருகிறது. அதே அதிகாரத்தில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 12ஆம் அதிகாரத்தில் தாய் பலி செலுத்தியதும் அவள் 'சுத்தமாவாள்' என்று மட்டுமே வருகிறது. மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. மன்னிக்க அங்கே எதுவும் இல்லை என்பதால்தான் இல்லை.

சிக்கல் 'பாவநிவாரணபலி' என்ற மொழிபெயர்ப்பில் இருக்கிறது. எபிரெயத்தில் இந்தப் பலியின் பெயர் ஹத்தாத். பாவம் என்பதற்கும் அதே சொல்தான். ஆனால் அதே வேரிலிருந்து 'சுத்திகரித்தல்' என்ற பொருளிலும் ஒரு வினை பிறக்கிறது. 51ஆம் சங்கீதத்தில் 'ஈசோப்பினால் (தெளிக்கப் பயன்படும் ஒரு செடி) என்னைச் சுத்திகரியும்' என்று மன்றாடும் இடத்தில் அந்த வினைதான் வருகிறது. யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஹத்தாத்தைச் 'சுத்திகரிப்புப் பலி' என்றே மொழிபெயர்க்க வேண்டும் என்று வாதிட்டார். அவர் காட்டும் சான்றுகளில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது பலிபீடம். லேவியராகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே ஹத்தாத் காளையின் இரத்தத்தைப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசி அதைச் சுத்திகரிக்கிறார். மரமும் வெண்கலமும் என்ன பாவம் செய்யும்?

இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். ஹத்தாத்தின் இரத்தம் அதைக் கொண்டுவந்த மனிதர்மீது பூசப்படுவதே இல்லை. பலிபீடத்தின் கொம்புகளுக்கும், சில வேளைகளில் திரைக்கு முன்பாகவும், ஆண்டுக்கொருமுறை திரைக்கு உள்ளே இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளும்தான் போகிறது. மக்களின் தீட்டு கடவுள் தங்கும் இடத்தில் படிகிறது, அந்த இடத்தைக் கழுவுவதற்கே இரத்தம் என்பது அவருடைய வாசிப்பு. 15ஆம் அதிகாரத்தின் இறுதியில், தங்கள் நடுவில் இருக்கும் வாசஸ்தலத்தைத் தீட்டுப்படுத்திச் சாகாதபடிக்கு என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. அதை வாசிக்கும்போது இந்த விளக்கம் எனக்குச் சரியென்றே படுகிறது.

தீட்டும் பாவமும் வேறு வேறு என்பதற்கு வேறு எவ்வளவோ சான்றுகள் உண்டு. பிணத்தைத் தொட்டவன் 7 நாள் தீட்டுப்பட்டவன். ஆனால் பெற்றவர்களை அடக்கம் செய்வது பாவமா? ஆசாரியன்கூடத் தன் தாய், தகப்பன், மகன், மகள் போன்ற நெருங்கிய உறவினருக்காகத் தீட்டுப்படலாம் என்று 21ஆம் அதிகாரம் அனுமதிக்கிறது. பிரதான ஆசாரியனுக்கு மட்டும் அது இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தாலும் மாலைவரை தீட்டு. பலுகிப் பெருகுங்கள் என்று ஆசீர்வதித்த கடவுளே கொடுத்த சட்டம் இது. தீட்டுப்படுவது குற்றம் இல்லை. தீட்டோடு பரிசுத்தமானதைத் தின்பதும், தீட்டைக் கழிக்காமல் விடுவதும்தான் குற்றம்.

எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தில் பிணத்தீட்டைக் கழிக்கும் முறை வருகிறது. பழுதற்ற, நுகம் பூட்டப்படாத சிவப்புக் கிடாரியைப் பாளயத்துக்கு வெளியே எரிக்க வேண்டும். கேதுருக் கட்டை, ஈசோப்பு, சிவப்பு நூல் ஆகியவற்றையும் அந்த நெருப்பில் போட வேண்டும். சாம்பலை ஊற்றுநீரில் கலந்து, தீட்டுப்பட்டவன்மீது மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்க வேண்டும். அந்தக் கிடாரிக்கும் வேதம் தரும் பெயர் ஹத்தாத்தான். அதை எரிப்பவனும், சாம்பலை அள்ளுபவனும், தெளிப்பவனும் மாலைவரை தீட்டாகிவிடுகிறார்கள். பிறருடைய தீட்டைக் கழிப்பவன் தானே தீட்டுப்படுகிறான். இதில் யாரையும் இழிவாகப் பார்க்க இடம் எங்கே இருக்கிறது?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், 'தீட்டு' என்ற தமிழ்ச் சொல்லோடு நம் ஊர் வரலாறும் சேர்ந்து வருகிறது என்பதுதான். பிறப்பாலேயே ஒருவரைத் தீட்டு என்று ஒதுக்கிய கொடுமை அந்தச் சொல்லில் படிந்திருக்கிறது. லேவியராகமத்தின் தீட்டு அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அங்கே பிறப்பாலே தீட்டான கூட்டம் என்று ஒன்று கிடையாது. தீட்டு எல்லாருக்கும் வரும், தண்ணீராலும் நாட்களாலும் போகும். அந்தப் புத்தகத்தில் எனக்கு வலி தரும் இடங்கள் இல்லாமல் இல்லை. உடலில் குறையுள்ள ஆசாரியன் பலிபீடத்தை நெருங்கக்கூடாது என்ற விதியை என்னால் இன்னும் அமைதியாக வாசிக்க முடியவில்லை.

உண்மையான குற்றத்துக்கு அந்தச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. அயலானை ஏமாற்றிப் பொருளை எடுத்துக்கொண்டவன் முதலும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவனிடம் கொடுத்துவிட வேண்டும். குற்றநிவாரணபலியாக ஆட்டுக்கடாவைச் செலுத்துவது அதன் பிறகுதான்.

தாய்மாரின் பலிக்கே வருகிறேன். ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவந்தால் போதும் என்று அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. இயேசு பிறந்த பிறகு மரியாள் எருசலேமுக்கு வந்தபோது செலுத்தியது இந்தப் பறவைப் பலியைத்தான் என்று லூக்கா எழுதுகிறார். அவர்களிடம் ஆட்டுக்குட்டிக்குப் பணம் இல்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் கெரிதோத் என்ற பகுதி, ஆலயம் நின்றிருந்த காலத்துச் செய்தி ஒன்றைச் சொல்கிறது. எருசலேமில் ஒருமுறை புறாக்களின் விலை தங்க தினார் அளவுக்கு ஏறிவிட்டது. ஒரு தங்க தினார் 25 வெள்ளி தினாருக்குச் சமம். ஏழைத் தாய்க்கென்று வைத்த பலியே அவள் கைக்கு எட்டாமல் போனது. யூத மதத் தலைவரான ரப்பான் ஷிமோன் பென் கமாலியேல், விலை வெள்ளி தினாராக இறங்கும்வரை இன்றிரவு உறங்கமாட்டேன் என்று ஆலயத்தின்மேல் ஆணையிட்டார். நீதிமன்றத்துக்குள் போய், ஐந்து பிரசவங்களுக்குப் பலி பாக்கி வைத்திருக்கும் பெண் ஒரே ஒரு பலியைச் செலுத்தினால் போதும், அதன் பிறகு அவள் பலியுணவை உண்ணலாம், மீதி அவள்மேல் கடமை இல்லை என்று போதித்தார். அன்றைக்கே புறாக்களின் விலை ஒரு வெள்ளி தினாருக்கும் கீழே வந்துவிட்டது.