சிங்கப்பூரில் தனியாக ஒரு மணி நேரம்: வேலூர்த் தங்கைக்குப் பதில்

பாகாயத்தில் நர்சிங் முடித்து, சிங்கப்பூர் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்திருக்கும் தங்கை கேட்டிருக்கிறாள்: "ஒரே ரூமில் மூணு பேர். ஊரில் மனசு சரியில்லைன்னா கோட்டை அகழி ஓரம் போய் உட்காருவேன். இங்கே காசு செலவில்லாமல் தனியா இருக்க இடம் உண்டா அக்கா?"

உண்டும்மா. ஷிப்ட் வேலை இதுக்கு ரொம்ப வசதி. ஞாயிற்றுக்கிழமை ஊரே வெளியே வந்துவிடும், எந்தப் பூங்காவிலும் பாய் விரித்திருப்பார்கள். அதே இடம் செவ்வாய்க்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும். வாரநாளில் ஆஃப் கிடைத்தால் விடாதே.

முதலில் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலை 5 முதல் நள்ளிரவு 12 வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்குத்தான் டிக்கெட், மற்றதெல்லாம் இலவசம். நேப்பியர் ஸ்டேஷனில் இறங்கு. அன்னப்பறவைக் குளத்தருகே நிற்காதே, கூட்டம் அங்கேதான். மழைக்காட்டுப் பக்கம் உள்ளே போய்விடு. ஆனால் ஊர் நினைப்பில் ஐந்தரைக்கே கிளம்பாதே. இங்கே வருஷம் முழுக்க விடிவது ஏழு மணி வாக்கில்தான். இந்த ஊர் இருக்கும் தீர்க்கரேகைக்கு லண்டன் கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருப்பதே பொருத்தம், கடிகாரத்தை எட்டு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறார்கள். ஏழிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம்.

வெயிலோ மழையோ என்றால் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகம், காலை 10 முதல் இரவு 9 வரை. கீழ்த்தளத்தில் சத்தம் இருக்கும். ஏழாவது மாடிக்கு மேலே போ. அங்கே இருப்பவை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத புத்தகங்கள், அதனால் வந்து போகும் ஆள் குறைவு. தமிழ்ப் புத்தகமும் உண்டு. ஏசி குளிர் எலும்பில் இறங்கும், ஸ்வெட்டர் இல்லாமல் போனால் அரை மணியில் எழுந்து வந்துவிடுவாய். பரீட்சை மாதங்களில் பிள்ளைகள் மேசையைப் பிடித்துவிடுவார்கள், திறக்கும்போதே போய்விடு.

தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கம். குரங்குகள் உண்டு, பிளாஸ்டிக் பையைக் கண்டாலே சாப்பாடு என்று பிடுங்கும். எல்லாவற்றையும் ஜிப் பைக்குள் வை. தீனி போட்டால் அபராதம். அரைநாள் இருந்தால் கிராஞ்சி ஸ்டேஷனிலிருந்து 925 பஸ் பிடித்து சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போ. செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். முதலை இருக்கிறது, பாதையை விட்டு இறங்காதே.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் திடீரென்று வரும். மரத்தடியில் ஒதுங்காமல் கூரை போட்ட இடத்துக்குப் போ. இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது.

வேலை முடிந்து களைத்த நாளில் எங்கேயும் அலைய வேண்டாம். உன் பிளாக் பக்கத்துப் பலமாடி கார் பார்க்கிங்கில் லிஃப்ட் ஏறி மேலே போய்ப் பார். நிறைய இடங்களில் மொட்டைமாடியில் தோட்டமும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். பகலில் தரை கொதிக்கும், ஆறரைக்கு மேல் போ. ரூமில் பேச முடியாததை அம்மாவிடம் அங்கிருந்து பேசலாம். இங்கே ஏழு மணி என்றால் வேலூரில் நாலரை.