சூடேறியதும் நின்றுவிடும் வில்லிஸ் ஜீப்: கோளாறு தீப்பொறியிலா, பெட்ரோலிலா?

கேள்வி: என்னிடம் 1943ஆம் ஆண்டைச் சேர்ந்த வில்லிஸ் எம்.பி. ராணுவ ஜீப் இருக்கிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடியபின், குறிப்பாக மேட்டில், திணறி நின்றுவிடுகிறது. ஆறியதும் மறுபடி ஓடுகிறது. கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, பிளக்குகளையும் மாற்றியாயிற்று. வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வரத்து தடைபடுவது, என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?

பதில்: அவர் சொல்வது நடக்கக்கூடியதே. ஆனால் பழைய வண்டி எது சூட்டில் நின்றாலும் பழியை வேப்பர் லாக் மீது போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது, பேட்டரி மின்சாரத்தைப் பிளக்கில் பொறி தாவும் அளவுக்கு உயர்த்தும் காயிலையும், அதற்குத் துணைபுரியும் கண்டென்சரையும்தான். ஆறியிருக்கும்போது குறையின்றி வேலை செய்யும் இவை, உள்ளே மின்காப்பு பழுதுபட்டிருந்தால், சூடேறியதும் தீப்பொறியைக் கைவிட்டுவிடும். ஆகவே ஆறிய என்ஜினைப் பட்டறையில் ஆராய்வதால் பயனில்லை. வண்டி நின்ற இடத்திலேயே, சூடு தணிவதற்குள் சோதிக்க வேண்டும்.

பெட்ரோல் குழாய் எதையும் தொடுவதற்கு முன்பே தீப்பொறியைப் பார்த்துவிடுங்கள். காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை, பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து உருவி, காப்புறையுள்ள குறடால் அதன் நுனியை என்ஜின் பிளாக்கிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். பொறி நீலமாகச் சடசடவென்று தாவினால் காயிலும் கண்டென்சரும் தப்பின. மஞ்சளாக மெலிந்திருந்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ முதலில் கண்டென்சரை மாற்றுங்கள். விலையும் குறைவு, வேலையும் குறைவு. அப்படியே பாயிண்டின் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) முகம் கருகியிருக்கிறதா என்று பார்த்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மி.மீ. அளவுக்கு வையுங்கள்.

அடுத்தது காயில். இந்த ஜீப் 6 வோல்ட் மின்னமைப்புடன் வந்தது; பிற்காலத்தில் பலர் 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்றியவர் பேட்டரியையும் டைனமோவையும் மாற்றிவிட்டு, பழைய 6 வோல்ட் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் அப்படியே விட்டிருந்தால், அதில் இருமடங்கு மின்னோட்டம் பாய்ந்து, கைவைக்க முடியாத அளவுக்குக் கொதித்து, சிறிது நேரத்தில் செயலிழக்கும். ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். உங்கள் வண்டியில் பேட்டரி எத்தனை வோல்ட், காயில் எத்தனை வோல்ட் என்பதை இன்றே பாருங்கள்.

பொறி வலுவாக இருந்தால் மட்டுமே பெட்ரோல் பக்கம் போக வேண்டும். ஓட்டுநர் இருக்கையின் மெத்தையைத் தூக்கி, டேங்க் மூடியை மெதுவாகத் திறங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள், டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்கத் திணறியிருக்கிறது. அப்படி இல்லையென்றால், பம்ப் மீதும் கார்பரேட்டருக்குப் போகும் குழாய் மீதும் ஈரத்துணியைச் சுற்றுங்கள். சில நிமிடங்களில் என்ஜின் பிடித்துக்கொண்டால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. அப்போது குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும். பம்பில் இருப்பது பழைய ரப்பர் டயாஃப்ரம் என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. விலை உயர்ந்த பிரீமியம் பெட்ரோல் மட்டும் வேண்டாம்: 6.48:1 என்ற தாழ்ந்த அழுத்த விகிதம் கொண்ட இந்த என்ஜினுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் நிற்கிறதென்றால், டேப்பட் இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் டேப்பட்டுக்கும் நடுவே விடும் சிறு இடம்) குறைந்திருக்கலாம். வால்வு இருக்கை தேயத் தேய இடைவெளி சுருங்கும். சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கசியும். கம்ப்ரெஷனை ஆறியபோது ஒருமுறையும் நின்றவுடன் ஒருமுறையும் அளந்து பாருங்கள். சூட்டில் மட்டும் ஏதேனும் ஒரு சிலிண்டரில் அளவு இறங்கினால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, என்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜால் 0.014 அங்குலம் வைக்கச் சொல்லுங்கள்.